பஞ்சாயத்து இல்லாத ஊர்விலக்கு

2019 ஜூலை முதல் வாரத்தில் ‘கேப்’ என்ற அமெரிக்கச் சமூக வலைத்தளம் தன் பழைய மென்பொருளைத் தூக்கிப் போட்டுவிட்டு மாஸ்டடானுக்கு மாறியது. ஒரு நிறுவனம் மென்பொருளை மாற்றிக்கொள்வதெல்லாம் செய்தியே இல்லை. இது செய்தியானதற்குக் காரணம் கேப் சம்பாதித்து வைத்திருந்த பெயர். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரின் யூத வழிபாட்டுக் கூடத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றவன், கிளம்புவதற்குச் சற்று முன்பு கேப்பில்தான் தன் நோக்கத்தை எழுதிவிட்டுப் போனான். அதன்பின் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் டொமைன் பதிவு நிறுவனமும் கேப்பைக் கைகழுவின. ஆப் ஸ்டோர்களில் அதற்கு முன்பே இடம் போயிருந்தது. மாஸ்டடானுக்கு மாறினால் ஒரு குறுக்குவழி கிடைக்கும்: மாஸ்டடான்காரர்களுக்காக யார் யாரோ எழுதி ஆப் ஸ்டோரில் வைத்திருக்கும் ஆப்கள் வழியாகவே கேப்புக்குள் நுழைந்துவிடலாம்.

மாஸ்டடானை உருவாக்கிய ஆய்கன் ரோஷ்கோவால் இதைத் தடுக்க முடியவில்லை. அதன் நிரல் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியானது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம். மாற்றிய நிரலைப் பயன்படுத்துவோருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. எடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்று உரிமம் கேட்பதில்லை. அதனால் கேப் முறைப்படியே உள்ளே வந்தது. வந்த வேகத்தில் தனித்தும் போனது. நீதிமன்ற ஆணை கிடையாது, தலைமையகத்தின் உத்தரவு கிடையாது; தலைமையகம் என்று ஒன்றே இல்லை. ஆங்காங்கே சர்வர் நடத்தும் நிர்வாகிகள், தங்கள் அமைப்புப் பக்கத்தில் உள்ள ஒரு பெட்டியில் கேப்பின் டொமைன் பெயரைத் தட்டச்சு செய்து சேமித்தார்கள். சில ஆப்களும் அந்தப் பெயரில் நுழைய முடியாதபடி செய்துகொண்டன. பிற்பாடு கேப் தானாகவே இணைப்பு வசதியை விட்டுவிட்டது.

ஊரைக் கூட்டாமல், தீர்ப்புச் சொல்லாமல், வீடு வீடாகத் தனித்தனியே எடுத்த முடிவு ஓர் ஊர்விலக்காக முடிந்திருக்கிறது. இது எப்படி நடக்கிறது, எங்கே ஒழுகுகிறது, யார் தலையில் விடிகிறது என்பது கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கவேண்டிய விஷயம்.

மாஸ்டடான் ஒரு மென்பொருள். அதை நிறுவி, தன் சொந்த டொமைன் பெயரில் ஒரு சிறு வலைத்தளம் நடத்த எவராலும் முடியும். அப்படி நடக்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு அதைப் பரிந்துரைத் தரநிலையாக வெளியிட்டது. அதே நெறிமுறையைப் பேசும் லெம்மி, மிஸ்கி, பிக்சல்ஃபெட், பியர்ட்யூப் எல்லாம் சேர்ந்த பரப்பைத்தான் ஃபெடிவர்ஸ் என்கிறார்கள். இந்தியாவில் பலர் இந்தப் பெயர்களை முதலில் கேள்விப்பட்டது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும் கோபத்தோடு ஒரு கூட்டம் மாஸ்டடானுக்குப் போனது. ‘இங்கே யாரும் யாரையும் முடக்க முடியாது’ என்ற நினைப்போடு போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்த நினைப்பு பாதிதான் சரி.

‘அ’ என்ற சர்வரில் மலர் இருக்கிறாள், ‘ஆ’ என்ற சர்வரில் கண்ணன் இருந்துகொண்டு அவளைப் பின்தொடர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மலர் ஒரு பதிவு எழுதினால், ‘அ’ அதைச் சிறு பொட்டலமாகக் கட்டி, மலரின் பெயரில் உள்ள தனிச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் போட்டு, ‘ஆ’வின் இன்பாக்ஸில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ‘ஆ’வில் அவளை 300 பேர் பின்தொடர்ந்தாலும் பொது இன்பாக்ஸுக்கு ஒரே ஒரு பிரதி போனால் போதும். வாங்கிய ‘ஆ’ உடனே நம்பிவிடாது. கையொப்பத்தில் குறித்திருக்கும் முகவரிக்குப் போய் மலரின் பொதுச் சாவியை எடுத்துவந்து, கையொப்பம் பொருந்துகிறதா என்று பார்க்கும். பொருந்தினால் பதிவைத் தன் டேட்டாபேஸில் எழுதிக்கொள்ளும். கூட வந்த படத்தையும் தன் வட்டில் ஒரு நகல் எடுத்துவைக்கும். கண்ணன் படிப்பது அந்த நகலை. மலரின் பதிவு இருக்கும் ‘அ’ சர்வரின் பக்கமே அவன் போவதில்லை. இந்த ஒரு விவரத்தை மறந்தால் தடைகளைப் பற்றிய மற்ற எதுவும் பிடிபடாது.

‘ஆ’வின் நிர்வாகி இப்போது ‘அ’வைத் தடுக்கிறார். முழுத் தடையாக இருந்தால் நடப்பவை இவை: ‘அ’ டொமைனிலிருந்து வரும் பொட்டலங்கள் இன்பாக்ஸிலேயே தூக்கி எறியப்படும். ‘ஆ’விலிருந்து ‘அ’வுக்கு எதுவும் அனுப்பப்படாது. சேமித்து வைத்திருந்த நகல்களும் படங்களும் அழிக்கப்படும். இரு சர்வர்களுக்கும் இடையிலான பின்தொடர்தல்கள் எல்லாம் அறுபடும். மாஸ்டடானில் ஒரு டொமைனைத் தடுத்தால் அதன் துணை டொமைன்களும் சேர்ந்தே தடைபடும். இல்லாவிட்டால் விஷமக்காரர்கள் காசு செலவில்லாமல் தினம் ஒரு துணைப் பெயரில் வந்து நிற்பார்கள். இத்தனையும் நடந்ததாக ‘அ’வுக்குத் தெரிவிக்க எந்த ஏற்பாடும் இல்லை. சர்வரைத் தடுத்துவிட்டோம் என்று சொல்லும் செய்தி வகையே நெறிமுறையில் கிடையாது.

தனி மனிதர் தனி மனிதரைத் தடுப்பதற்கு மட்டும் ஒரு செய்தி வகை உண்டு. தடுக்கப்பட்டவருக்கு அதை அனுப்பக் கூடாது என்று ஆக்டிவிட்டிபப் ஆவணம் அறிவுறுத்துகிறது. நியாயமான யோசனைதான், துன்புறுத்துகிறவனிடம் போய் ‘உன்னைத் தடுத்துவிட்டேன்’ என்று சொல்வது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்வது. ஆனால் மாஸ்டடான் அனுப்பத்தான் செய்கிறது. நகல் அடுத்தவர் வட்டில் அல்லவா இருக்கிறது! அந்த சர்வர் ஒத்துழைத்தால்தான் அவன் கண்ணிலிருந்து அந்த நகலை மறைக்க முடியும். ஒத்துழைக்க வேண்டுமானால் அதனிடம் சொல்லியாக வேண்டும். கூட்டமைப்பில் தனியுரிமையும் தொழில்நுட்பமும் முட்டிக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று. இதற்குச் சுத்தமான விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லாத் தடையும் முழுத் தடையாக இருக்கவேண்டியதில்லை என்பதைப் பாவூ விவகாரம் கற்றுக்கொடுத்தது. 2017 ஏப்ரலில் ஜப்பானின் ஓவியப் பகிர்வுத் தளமான பிக்சிவ், பாவூ என்ற மாஸ்டடான் சர்வரைத் தொடங்கியது. குறுகிய காலத்திலேயே ரோஷ்கோவின் சொந்த சர்வரைவிடப் பெரிதாகிவிட்டது. அங்கே வந்த கார்ட்டூன் ஓவியங்களில் ஒரு பகுதி, சிறுவர் உருவங்களைப் பாலியல்ரீதியாக வரைந்தவை. ஜப்பான் 2014இல் சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதைத் தண்டனைக்குரியதாக்கியபோதும் கையால் வரைந்த மங்கா, அனிமேயை அதற்குள் கொண்டுவரவில்லை. வேறு பல நாடுகளில் அதே ஓவியம் குற்றம். பாவூவில் ஒருவரை ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர் பின்தொடர்ந்தால் போதும், அந்த ஓவியத்தின் நகல் ஐரோப்பிய சர்வரின் வட்டில் தானாக வந்து உட்கார்ந்துவிடும். நிர்வாகி அதைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். சட்டப்படி வைத்திருப்பவர் அவர்தான்.

பாவூவில் இருந்த பெரும்பாலோருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர்கள் எழுத்து வரட்டும், படம் மட்டும் வரவேண்டாம் என்று சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. இன்று மாஸ்டடானில் அந்த வழி இருக்கிறது: படங்களை மட்டும் மறுக்கலாம், அங்கிருந்து வரும் புகார்களை மட்டும் மறுக்கலாம், அல்லது ‘மட்டுப்படுத்தல்’ என்ற நடு நிலையில் வைக்கலாம். மட்டுப்படுத்தினால் அந்த சர்வரின் பதிவுகள் பொது ஓடையில் வராது, அறிமுகமில்லாதவர்களின் அறிவிப்புகள் தொந்தரவு செய்யாது, ஆனால் தேடிப்போய்ப் பின்தொடர்ந்தவருக்கு எல்லாம் வழக்கம்போலக் கிடைக்கும். ப்ளெரோமா என்ற இன்னொரு மென்பொருள் இதையும் தாண்டிப் போகிறது. வரும் பொட்டலத்தைப் பிரித்து, விதிப்படி திருத்தி உள்ளே விட அதில் தனி ஏற்பாடே உண்டு.

இதுவரை சொன்னது இரண்டு சர்வர்களுக்கு நடுவே உள்ள கதை. மூன்றாவது ஒன்று வந்தவுடன் கதை சுவாரசியமாகிறது. 2023 ஜூனில், ரெட்டிட் தன் ஏபிஐக்குக் கட்டணம் விதித்ததை எதிர்த்துப் பலர் லெம்மிக்குக் குடிபெயர்ந்தார்கள். லெம்மி ரெட்டிட்டைப் போலவே குழுக்களால் ஆனது; ஒவ்வொரு குழுவும் ஏதாவது ஒரு சர்வரில் குடியிருக்கும். பீஹா என்பது, அன்பான பேச்சுக்கென்றே நடத்தப்பட்ட ஒரு சிறிய லெம்மி சர்வர். விண்ணப்பம் எழுதி ஒப்புதல் பெற்றால்தான் அதில் கணக்கு. அதே நேரத்தில் லெம்மி.வேர்ல்ட் போன்ற சர்வர்கள் கதவைத் திறந்துவைத்து யாரையும் சேர்த்துக்கொண்டன. அங்கே சேர்ந்தவர்கள் பீஹாவின் குழுக்களில் வந்து எழுதினார்கள்; அதில் வம்புக்காரர்களும் இருந்தார்கள். ஒருசில ஆட்களை வைத்துக்கொண்டு கண்காணித்த பீஹாவால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. லெம்மி.வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் மொத்தமாகத் தடுத்தது.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். பீஹாவின் குழுக்கள் லெம்மி.வேர்ல்டில் நகலாக ஏற்கெனவே இருந்தன. தடைக்குப் பிறகும் அந்த நகல்கள் அங்கேயே இருந்தன, எழுதும் பெட்டியும் திறந்தே இருந்தது. லெம்மியில் ஒரு குழுவுக்கு எழுதும் பின்னூட்டம் முதலில் குழு குடியிருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்துதான் மற்ற எல்லாருக்கும் மறு அறிவிப்பாகப் போகும். லெம்மி.வேர்ல்ட்காரர் எழுதியதைப் பீஹா வாங்க மறுத்ததால் மறு அறிவிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவருடைய சொந்த சர்வரின் நகலில் அது பளிச்சென்று தெரியும். அதே சர்வரில் இருக்கும் இன்னொருவர் பதிலும் போடுவார். பீஹாவின் குழுவில் பேசிக்கொண்டிருப்பதாக இருவரும் நினைத்துக்கொண்டிருக்க, பீஹாவில் ஒரு சொல்கூட விழுந்திருக்காது.

மூன்றாவது சர்வரில் உள்ள குழுவில் இன்னும் குழப்பம். அங்கே பீஹாக்காரர் எழுதினால், அந்த மூன்றாவது சர்வர் அதை லெம்மி.வேர்ல்டுக்கும் கடத்தும்; லெம்மி.வேர்ல்ட் பீஹாவைத் தடுக்கவில்லையே, வாங்கிக்கொள்ளும். லெம்மி.வேர்ல்ட்காரர் பதில் எழுதினால் மூன்றாவது சர்வரில் இருப்பவர்களுக்குத் தெரியும், பீஹாக்காரருக்குத் தெரியாது. ஒரே உரையாடல், மூன்று சர்வர்களில் மூன்று வடிவம். மாஸ்டடானிலும் இதே கதைதான்: உங்களைத் திட்டுகிறவனின் சர்வரை உங்கள் நிர்வாகி தடுத்துவிட்டாலும், உங்கள் பதிவுக்குக் கீழே அவன் எழுதும் வசை, தடுக்காத சர்வர்களில் உள்ளவர்களுக்குத் தெரிந்துகொண்டேதான் இருக்கும். காதில் விழாமல் செய்யலாம், வாயை அடைக்க முடியாது.

முப்பது ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு விலக்கலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். 1988இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்கரினென் எழுதிய ஐஆர்சி அரட்டையும் பல சர்வர்களால் ஆனதுதான். ஆனால் அவை மரத்தின் கிளைகளைப் போல, சுற்றுவழி எதுவும் இல்லாமல் ஒன்றோடு ஒன்று கோக்கப்பட்டிருந்தன. ஒரு செய்தி எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேரும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த எரிஸ் என்ற சர்வர், கடவுச்சொல் கேட்காமல் எவரையும் தன்னோடு இணைய விட்டது. தொல்லை பெருகியது. 1990 ஆகஸ்டில் மற்ற நிர்வாகிகளில் பலர் எரிஸை விலக்கினார்கள். மரத்தில் கிளையை வெட்டினால் மரம் இரண்டாகும்: வலைப்பின்னலே பிளந்தது. எரிஸை வைத்துக்கொண்ட பாதி ஏ-நெட் என்றும், மற்றது ‘எரிஸ் இல்லாத வலை’ என்ற பொருளில் ஈஎஃப்நெட் என்றும் பெயர் பெற்றன. ஏ-நெட் சீக்கிரமே அழிந்தது; ஈஎஃப்நெட் இன்றும் இருக்கிறது. அங்கே தடை என்றால் ‘யார் பக்கம்’ என்று எல்லாரும் முடிவெடுத்தாக வேண்டும். ஃபெடிவர்ஸில் ஒவ்வோர் இணைப்பும் இரண்டு சர்வர்களுக்கு இடையே தனித்தனியாக இருப்பதால் ஒன்றை அறுத்தால் மற்றவை அப்படியே இருக்கும். பிளவு இல்லை, அதற்கு விலையாக ஒருமித்த உண்மையும் இல்லை.

அனுப்பாமல் இருப்பது வேறு, எடுத்துக்கொள்ள விடாமல் இருப்பது வேறு. மலரின் பொதுப் பதிவுக்கு ஒரு வலை முகவரி உண்டு. தடுக்கப்பட்ட சர்வர் அந்த முகவரிக்குப் போய், யார் என்று சொல்லாமலே பதிவை எடுத்துக்கொள்ளலாம். இந்த ஓட்டையை அடைக்க, 2019 அக்டோபரில் வந்த மாஸ்டடான் 3.0 ஒரு வழி செய்தது: படிக்க வரும் சர்வரும் கையொப்பத்தோடு வரவேண்டும், கையொப்பம் தடைப் பட்டியலில் உள்ள டொமைனுடையதாக இருந்தால் பதிவு கிடைக்காது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ‘அ’, ‘ஆ’ இரண்டுமே இந்த விதியைப் போட்டால் என்ன ஆகும்? ‘ஆ’வின் கையொப்பத்தைச் சரிபார்க்க ‘அ’ அதன் பொதுச் சாவியைக் கேட்கும். கையொப்பம் இல்லாமல் சாவி தரமாட்டேன் என்று ‘ஆ’ சொல்லும். ‘அ’ கையொப்பமிட்டால் அதைச் சரிபார்க்க ‘ஆ’ அதன் சாவியைக் கேட்கும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதை. இதைத் தீர்க்க, ஒவ்வொரு சர்வரும் தன் பெயரிலேயே ஒரு போலி உறுப்பினரை உருவாக்கி, அந்த ஒருவரின் சாவியை மட்டும் கேட்பவருக்கெல்லாம் கையொப்பமின்றிக் கொடுக்கிறது. அழகான தீர்வு. ஆனாலும் விடாப்பிடியான ஆள் புதிதாக ஒரு டொமைன் வாங்கி, அதன் பெயரில் கையொப்பமிட்டு வந்து எடுத்துப்போகலாம். பொதுவில் எழுதியதைப் பொதுவில் உள்ள ஒருவனுக்கு மட்டும் மறைப்பது எந்தக் கணினியாலும் ஆகாத காரியம்.

அதற்கடுத்த கட்டம், அனுமதித்தவர்களோடு மட்டுமே பேசுவது என்ற தலைகீழ் விதி. மாஸ்டடானில் அதற்கும் வசதி உண்டு. பள்ளிக்கூடங்களுக்கும் சிறு குழுக்களுக்கும் அது பொருந்தலாம். எல்லாரும் அப்படிச் செய்தால் கூட்டமைப்பு என்ற சொல்லுக்கே வேலையில்லாமல் போகும்.

ஆயிரக்கணக்கான சர்வர்களில் எது நல்லது, எது கெட்டது என்று மாலை நேரத்தில் இலவசமாக உழைக்கும் ஒரு நிர்வாகி எப்படித் தெரிந்துகொள்வார்? பிறரிடம் கேட்டுத்தான். மாஸ்டடானில் ‘ஃபெடிபிளாக்’ என்ற ஹேஷ்டேக் அந்த வேலைக்கே பிறந்தது. பிறகு தொகுத்த பட்டியல்கள் வந்தன. 2023இல் வந்த 4.1 பதிப்பு, பட்டியலை மொத்தமாக இறக்கவும் ஏற்றவும் வசதி கொடுத்தது. மின்னஞ்சல் உலகம் இந்தப் பாதையில் முன்னமே நடந்திருக்கிறது. 1997இல் பால் விக்ஸி முதலியோர் குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளின் பட்டியலை நடத்தினார்கள். 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பாம்ஹாஸைத் தொடங்கினார். பட்டியலில் பெயர் வந்த ஈ360 என்ற நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டு, எதிர்த்தரப்பு வாதாடாத நிலையில் 2006இல் 1.17 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2011இல் அது 3 டாலராகச் சுருங்கியது. தொகுப்பவர் ‘நான் கருத்துத்தான் சொல்கிறேன், தடுப்பது அவரவர் விருப்பம்’ என்பார். ஏராளமானோர் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் கருத்து, கருத்தாக மட்டும் இருக்காது. ஒரு பட்டியலில் தவறாகச் சேர்ந்த சிறு சர்வர், எந்த நிர்வாகியின் வீட்டு வாசலில் போய் முறையிடும்? சேர்த்தவரே நீக்கினாலும், முன்பே இறக்கிக்கொண்டவர்களின் சர்வரில் தடை அப்படியே கிடக்கும்.

பட்டியலைப் பொதுவில் வைப்பதா என்பதிலும் ஒரு சங்கடம். உறுப்பினர்களுக்குத் தெரியவேண்டும், ஆனால் மோசமான தளங்களின் பட்டியல், அவற்றைத் தேடுகிறவனுக்கு வழிகாட்டியாகவும் ஆகும். மாஸ்டடான் இதற்கு ஒரு சமரசம் வைத்திருக்கிறது. நிர்வாகி விரும்பினால் டொமைன் பெயரின் சில எழுத்துகளை நட்சத்திரக் குறிகளால் மறைக்கலாம், கூடவே அந்தப் பெயரின் எஸ்எச்ஏ-256 குறியீட்டையும் சர்வர் வெளியிடும். பெயரை ஏற்கெனவே அறிந்தவர் அது பட்டியலில் இருக்கிறதா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். அறியாதவருக்கு அந்த எண்வரிசையால் பயனில்லை.

2023 ஜூலையில் மெட்டா நிறுவனம் த்ரெட்ஸைத் தொடங்கி, ஃபெடிவர்ஸோடு இணைப்போம் என்று அறிவித்தபோது சண்டை இன்னொரு தளத்துக்குப் போனது. த்ரெட்ஸைத் தடுப்போம் என்று பல நிர்வாகிகள் கூட்டாக உறுதிமொழி எடுத்தார்கள். அதோடு நிற்காமல், த்ரெட்ஸைத் தடுக்காத சர்வர்களையும் தடுப்போம் என்றார்கள் சிலர். பகைவனின் நண்பனும் பகைவன் என்ற இந்தச் சங்கிலிக்கு நெறிமுறை தடையாக இல்லை, துணையாகவும் இல்லை. என் பார்வையில் இதுதான் ஊர்விலக்கின் பழைய குணத்துக்கு மிக அருகில் வருவது, விலக்கப்பட்டவனோடு பேசினவனையும் விலக்குவது.

தடை இல்லாமல் இருந்துவிட முடியாதா என்றால், 2024 பிப்ரவரியைப் பார்க்கலாம். யாரும் கவனிக்காமல் கிடந்த நூற்றுக்கணக்கான சிறு சர்வர்களில் ஆட்டோமேட்டிக்காகக் கணக்குகள் தொடங்கி, குப்பைச் செய்தியைக் கொட்டினார்கள். அனுப்பிய சர்வர்கள் எதுவும் கெட்டவை அல்ல. பொறுப்பாளர் தூங்கிப்போன வீடுகள். ஆனாலும் தடுப்பதைத் தவிர அந்த இரவுகளில் மற்ற நிர்வாகிகளுக்கு வழி இருக்கவில்லை. அந்த மாதமே வந்த மாஸ்டடான் திருத்தப் பதிப்பு, ஒரு வாரத்துக்கும் மேல் பொறுப்பாளர் எட்டிப்பார்க்காத சர்வரில் திறந்த பதிவைத் தானாகவே ஒப்புதல் முறைக்கு மாற்ற ஆரம்பித்தது.

இவ்வளவிலும் அதிகம் இழப்பவர் சண்டையில் சம்பந்தமே இல்லாத உறுப்பினர். முழுத் தடை விழுந்ததும் அறுபட்ட பின்தொடர்தல்கள், தடையை நீக்கினாலும் திரும்புவதில்லை. ஒவ்வொருவரும் மறுபடி தேடிப்போய்ப் பின்தொடர வேண்டும். நெடுங்காலம், அறுபட்டது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. நண்பர் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று நினைத்துக்கொள்வார்கள். 2024 அக்டோபரில் வந்த 4.3 பதிப்பில்தான் இதற்கு அறிவிப்பு வந்தது. யார் யாரை இழந்தோம் என்ற பட்டியலையும் இறக்கிக்கொள்ளலாம்.

சர்வர் பிடிக்காவிட்டால் கணக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பது ஃபெடிவர்ஸ் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல். மாற்றலாம், பின்தொடர்பவர்களும் கூடவே வருவார்கள். எழுதிய பழைய பதிவுகள் வராது. பின்தொடர்பவர்கள் வருவதும் ஒரு செய்திப் பொட்டலத்தை நம்பித்தான்: ‘நான் இந்த முகவரிக்குப் போய்விட்டேன்’ என்று பழைய சர்வர் அவரவர் இன்பாக்ஸுக்கு அனுப்பும் கையொப்பமிட்ட பொட்டலம். ‘ஆ’ ஏற்கெனவே ‘அ’வைத் தடுத்திருந்தால் அந்தப் பொட்டலமும் இன்பாக்ஸிலேயே எறியப்படும். ஆகவே மலர் கிளம்புவதானால் தடை விழுவதற்கு முன்பே கிளம்பியிருக்க வேண்டும்.